ஊருக்குள்ளே கூட நிற்கும் வேலை: வளர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் தொழிலுக்கு வருவது எப்படி

இந்த வேலையைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது என்ன படிக்க வேண்டும், எவ்வளவு சம்பளம் என்றுதான். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் இது என்ன வேலை என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் வேறு எதையோ நினைத்து வந்தவர்கள்.

பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் இவற்றில் ஒன்றோ இரண்டோ உள்ளவர்கள். இவர்கள் ஏதோ ஓர் இல்லத்தின் காம்பவுண்டுக்குள் இல்லாமல் சொந்த ஊரில், சொந்தத் தெருவில், மற்றவர்கள் வாழ்கிற மாதிரி வாழக் கூட நிற்பதுதான் வேலை. குளிக்க, சாப்பிட, துணி மாற்ற உதவுவதும் இதில் உண்டு, ஆனால் அது பாதிதான். கடைக்குப் போக, பஸ் ஏற, ஏதாவது ஒரு வேலை செய்து கையில் நாலு காசு பார்க்க, முளைக்கொட்டுக்கோ சந்தனக்கூட்டுக்கோ வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கோ கூட்டத்தோடு கூட்டமாகப் போக, பிடிக்காததை வேண்டாம் என்று சொல்ல, இதற்கெல்லாம் துணையாக இருப்பது மீதிப் பாதி. அவர் வாழ்க்கையை நீங்கள் நடத்தக் கூடாது. அவர் நடத்துவதற்கு எங்கே கை வேண்டுமோ அங்கே மட்டும் கை கொடுக்க வேண்டும்.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இதைப் பேச ஆரம்பித்தாலே ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மனநோய்க்காகக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பதை வேலைக்கு வருமுன் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்துக்குக் கட்டுப்படும். அறிவுசார் குறைபாடு வளரும் பருவத்திலேயே இருப்பது, அதற்கு மாத்திரை கிடையாது, கற்றுக்கொடுத்தால் ஆள் முன்னேறுவார். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் கட்டிப்போடுவது என்று வரும்போது நம் பக்கம் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள்.

இன்றைக்கும் தாய் கருவாட்டுக் களத்துக்கோ வலையிலிருந்து நண்டு கழற்றவோ போகும்போது, பிள்ளை தனியாகக் கடலுக்குள் இறங்கிவிடுவானோ என்ற பயத்தில் திண்ணைத் தூணில் கயிற்றைக் கட்டிவிட்டுப் போகிற வீடுகள் இருக்கின்றன. நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயைத் திட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் வேலைக்குப் போய்வரும் நேரத்துக்குக் கூட இருக்க ஓர் ஆள் கிடைத்தால் கயிற்றுக்கு வேலையே இல்லை. அந்த ஆளாகத்தான் நீங்கள் வரப்போகிறீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது மாற்றுத்திறனாளியின் உரிமை என்கிறது. இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19-வது உறுப்பும் இதையே சொல்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. சட்டம் வந்தாயிற்று, கூட நிற்க ஆள்தான் போதவில்லை.

யாருக்கு ஒத்துவரும்

பாவப்பட்டு வருகிறவர்களுக்கு ஒத்துவராது. கடுமையாகச் சொல்வதாகத் தோன்றலாம், ஆனால் "ஐயோ பாவம்" என்று நினைக்கிறவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுவிடுவார், சோற்றைத் தானே பிசைந்து ஊட்டிவிடுவார், எதிர்ல இருக்கிறவருக்குத் தானாகச் செய்ய ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டார். சும்மா நிற்கத் தெரிய வேண்டும். ஒருவர் ஒரு பொத்தானோடு ஐந்து நிமிஷம் போராடும்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பது லேசான காரியம் இல்லை.

ஆண்கள் வர வேண்டும் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். குளிக்க, கழிப்பறை போக உதவி வேண்டிய ஆணுக்கு ஆண்தான் உதவ வேண்டும், பெண்ணுக்குப் பெண்தான். நம் பக்கத்து ஆண்கள் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். வீட்டில் ஐம்பது, அறுபது வயதுத் தாய் தன்னைவிடப் பெரிய உருவமான மகனைத் தூக்கிக் குளிப்பாட்டி இடுப்பை ஒடித்துக்கொள்கிறார். ஒரு ஊருக்கு இரண்டு ஆண்கள் இந்த வேலையில் இருந்தாலே எத்தனையோ வீடு மூச்சு விடும்.

சேர்வதற்கு முன்னால் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளியிலோ பகல்நேர மையத்திலோ கேட்டுக்கொண்டு சில நாள் போய் உட்காருங்கள். வாயில் எச்சில் வழியும், சத்தம் இருக்கும், ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்பார்கள், சிலர் காரணமே இல்லாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். அது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு

உதவியாளராகத் தொடங்க பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் இதையே தொழிலாக வைத்துக்கொள்ள நினைத்தால் ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த படிப்பு ஒன்று கையில் இருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது, அதில் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவை எடுங்கள். டிகிரி முடித்தவர்கள் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாம். பராமரிப்பாளர்களுக்கென்று சான்றிதழ் படிப்பும் உண்டு, வேலை பார்த்துக்கொண்டே அடுத்த படிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2005-ல் தொடங்கியது. படிப்புகளும் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள்.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு ஆர்சிஐ அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். படித்து முடித்ததும் ஆர்சிஐயின் மத்தியப் பதிவேட்டில் பதிந்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் சிறப்பாசிரியர் என்று சொல்லிக்கொண்டு வேலை பார்ப்பது சட்டப்படி தப்பு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும், நடுவில் பயிலரங்குகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

வேலை எங்கே கிடைக்கும்? சிறப்புப் பள்ளிகள், பகல்நேர மையங்கள், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள், தமிழக அரசு உலக வங்கி உதவியோடு நடத்தும் 'உரிமைகள்' திட்டம், அதன்கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் வந்துகொண்டிருக்கும் சேவை மையங்கள். ஊருக்குள்ளேயே வாடகை வீடு பிடித்து, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாழ்ந்து, உதவியாளர் வந்துபோகும் ஏற்பாடு நம் கடலோரத்தில் இன்னும் அரிது. ஆகவே இந்த வேலையில் பாதியை நீங்களேதான் உருவாக்க வேண்டியிருக்கும். ஒரே தெருவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஓர் உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு நடக்கக்கூடிய ஒன்றுதான், முதலில் அந்தத் தாய்மார்களை ஓர் இடத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

ஓர் இல்லத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் சும்மா தலையாட்டிவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நிறுவனம் நடத்த 2016 சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவர்களுக்கு அவரவர் துணி இருக்கிறதா, எல்லாருக்கும் ஒரே மொட்டை அடித்திருக்கிறார்களா, வெளிக்கதவுச் சாவி யாரிடம், கடைசியாக அவர்கள் கடைத்தெருவுக்குப் போனது எப்போது, வீட்டிலிருந்து போன் வந்தால் தனியாகப் பேச விடுகிறார்களா. கட்டிவைப்பதோ பூட்டிவைப்பதோ அடிப்பதோ கண்ணில் பட்டால் அங்கே சேராமல் இருந்தால் மட்டும் போதாது, இராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் கலெக்டருக்கு.

முதல் மாதம்

ஒருவரோடு வேலை தொடங்கும்போது முதல் மாதம் எதையும் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள். அவரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நோட்டு போட்டு, அம்மாவிடமும் அக்கா தங்கையிடமும் கேட்டு எழுதுங்கள். ஆமாம் என்பதை எப்படிச் சொல்கிறார், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்கிறார். வயிறு வலித்தால் என்ன செய்வார். எந்தச் சத்தம் ஆகாது. வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. யாரைக் கண்டால் சிரிப்பார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார். "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று தொடங்குகிற அம்மாவே அரை மணி நேரத்தில் இருபது விஷயம் சொல்லிவிடுவார். காதைப் பிடித்து இழுத்தால் பசி, சட்டையின் கழுத்தைக் கடித்தால் யாரோ திட்டியிருக்கிறார்கள் என்பது மாதிரியான தகவலெல்லாம் எந்த மருத்துவமனைச் சீட்டிலும் இருக்காது.

கூப்பிடுகிற விதத்தில் கவனமாக இருங்கள். நாற்பது வயதானவரைப் 'பாப்பா', 'குட்டி', 'டேய்' என்று ஊரே கூப்பிடும். நீங்கள் அண்ணே என்றும் அக்கா என்றும் கூப்பிடுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காக்கா, லாத்தா என்பார்கள், அப்படியே கூப்பிடுங்கள். நீங்கள் மரியாதையாகக் கூப்பிடக் கூப்பிடத் தெருவும் மெல்ல மாறும். அவர் காதுபட அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசாதீர்கள். பேச்சு வராது என்பதால் காதும் கேட்காது என்று நினைத்துக்கொள்வது நம்மில் பெரிய வழக்கம்.

கற்றுக்கொடுப்பது என்று வந்தால், ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துக் கடைசிப் படியை அவருக்கு விடுங்கள். சட்டையில் எல்லாப் பொத்தானும் நீங்கள் போட்டு, கடைசிப் பொத்தான் மட்டும் அவர். அது கைவந்ததும் கடைசி இரண்டு. முதல் படியிலிருந்து தொடங்கினால் நடுவில் சோர்ந்துபோவார், கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளும் முடித்த திருப்தி அவருக்குத்தான். உதவியையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதலில் கையைப் பிடித்து, அப்புறம் முழங்கையைத் தொட்டு, அப்புறம் சைகை, அப்புறம் ஒரு பார்வை, அப்புறம் ஒன்றுமில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாம்பன் பக்கம் நான் கூட இருந்த ஓர் அண்ணன், நாற்பதை நெருங்குகிறவர், இரண்டு மூன்று சொல்தான் பேசுவார். வீட்டுக்குத் தேயிலை வாங்கி வருவது அவர் பொறுப்பு என்று அவர் அம்மாவோடு பேசி முடிவு செய்தோம். தீர்ந்துபோன தேயிலைப் பாக்கெட்டின் காலி உறைதான் சீட்டு. பர்ஸில் ஒரே ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு, வேறு ஒன்றும் கிடையாது. பர்ஸ் அவர் கையில், என் கையில் இல்லை. கடைக்கு முன்னால் போய் நின்றதும் கடைக்கார அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து "தம்பிக்கு என்ன வேணும்" என்றார். இந்த இடத்தில் வாயைத் திறந்துவிட்டால் இந்தப் பாடமே கெட்டுப்போகும். நான் இரண்டடி பின்னால் நகர்ந்து சரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து விநாடி யாரும் பேசவில்லை, பின்னால் ஆள் வேறு நிற்கிறார்கள். அவர் உறையை எடுத்து மிட்டாய் பாட்டில் பக்கத்தில் வைத்தார். அக்கா இப்போது அவரைப் பார்த்து "எத்தனை" என்று கேட்டார். ஒரு விரல். பிறகு நோட்டு, பிறகு உள்ளங்கையை விரித்து மீதிக்காகக் காத்திருப்பது. இந்த உள்ளங்கைக்குத்தான் அதிக நாள் ஆனது, நோட்டைக் கொடுத்ததும் கிளம்பிவிடுவார். நான் கூடப் போகாத ஒரு நாள் அப்படிக் கிளம்பியவரை அந்த அக்காவே கூப்பிட்டு நிறுத்தி, சில்லறையைக் கையில் வைத்து எண்ணிக் காட்டி அனுப்பியிருக்கிறார். ஊருக்குள் வாழ்வது என்று நான் சொல்வது இதைத்தான். உதவியாளர் ஒருவரை மட்டும் நம்பி இருக்கும்வரை அவர் பாதுகாப்பாக இல்லை. கடைக்காரர், ஆட்டோக்காரர், டீக்கடை, பள்ளிவாசல், கோயில் வாசல் எல்லாம் அவரைப் பேர் சொல்லித் தெரிந்திருந்தால்தான் பாதுகாப்பு.

அதற்கு அவருக்கு ஊரில் ஒரு வேலை இருக்க வேண்டும். மையங்களில் மெழுகுவத்தியும் காகிதப் பையும் செய்யச் சொல்லியே வருடங்கள் ஓடிவிடுகின்றன. நம் கரையில் என்ன நடக்கிறதோ அதில் பாருங்கள். வலையிலிருந்து நண்டு கழற்றுவது, கருவாடு திருப்பிப் போடுவது, ஓலை நனைத்துக் கொடுப்பது, தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்புவது, குண்டு மிளகாயில் காம்பு பார்த்துப் பிரிப்பது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் எடுத்து வருவது நம் ஊர்களில் தினசரி வேலை, உடம்பில் வலுவுள்ள ஒருவர் தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் எடுத்துக்கொடுத்தால் தெருவில் அவர் மதிப்பே வேறு. கூலி கட்டாயம் கேளுங்கள். "அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாப் போதும்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்களைவிடக் குறைவாகச் செய்தால் செய்த அளவுக்குக் காசு, ஆனால் காசு.

அடித்தால், கடித்தால்

இதற்குப் பயந்துதான் பலர் வருவதில்லை. பேச வராதவருக்கு அடிப்பதும் கடிப்பதும் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதும் ஏதோ ஒன்றைச் சொல்வதுதான். என்ன நடந்தது என்று மட்டும் எழுதாமல், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் வெளியே வந்துவிடும். கூட்டம், ஒலிபெருக்கி, பசி, வேலையிலிருந்து தப்பிக்க, யாரும் கவனிக்காமல் இருந்தது. திடீரென்று, முன்பு இல்லாத ஒருவருக்கு இது தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய் வலி. பல் டாக்டரிடம் காட்ட வேண்டியவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்து வைத்திருக்கிற கொடுமை நிறைய நடக்கிறது.

நடக்கும்போது சத்தம் போடாதீர்கள், சுற்றி இருக்கிறவர்களை நகர்த்துங்கள், குறைவாகப் பேசுங்கள், வெளியே போக வழி விடுங்கள். திருப்பி அடிப்பது எந்த நிலையிலும் கிடையாது. உங்களுக்குக் கை ஓங்குகிற அளவுக்குக் கோபம் வருகிறது என்றால் இன்னொருவரை நிற்க வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள், அதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது.

உடம்பு

வலிப்பு இவர்களில் பலருக்கு உண்டு. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், மணி பாருங்கள். கையில் இரும்பு கொடுப்பது, சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது, சுற்றி நிற்கிறவர்கள் கொண்டுவந்து திணிப்பார்கள், தடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108. வலிப்பு உள்ளவர் கடலிலோ ஊருணியிலோ தனியாக இறங்கக் கூடாது, கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அதற்காகக் கடலே வேண்டாம் என்று கரையில் பிறந்தவரைத் தடுத்துவிடவும் கூடாது.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம், வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை நல்லது. நாற்பதுக்கு மேல் மறதி நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரமே வரலாம். தெரிந்த வழியை மறப்பது, தெரிந்த வேலையை மறப்பது தென்பட்டால் "சேட்டை பண்றான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள சிலருக்கு விழுங்குவது சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன வாயாக, விழுங்கியது தெரிந்தபின் அடுத்த வாய். சாளை மாதிரி முள் நிறைந்த மீனைத் தவிர்த்துவிட்டு, முள் எடுத்த மீனைக் குழம்போடு மசித்துக் கொடுங்கள். படுத்தபடி ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சலாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்து.

தொடுவதைப் பற்றி

வீடுகளில் யாரும் பேசுவதில்லை, அதனால் நீங்கள்தான் பேச வேண்டும். குளிப்பாட்டும் முன் கேளுங்கள், கதவைச் சாத்துங்கள், அவரால் கழுவ முடிகிற இடத்தை அவரையே கழுவ விடுங்கள். தினமும் கேட்காமல் தொடப்படுகிற ஒருவருக்கு யாரோ தப்பாகத் தொடும்போது வித்தியாசம் தெரியாது. வேண்டாம் என்று சொல்வதை வீட்டிலேயே பழக்குங்கள், அவர் வேண்டாம் என்றால் நீங்களும் நிறுத்துங்கள், அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு பலம் உண்டு என்று நம்புவார். பெண்களுக்கு நாப்கின் மாற்றப் பொம்மையை வைத்துக் கற்றுக்கொடுக்கலாம், பலர் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள். இவர்களுக்கும் ஆசை உண்டு, காதல் உண்டு. அறையில் தனியாக இருக்கும்போது செய்வது எது, தெருவில் செய்யக் கூடாதது எது என்று நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள், அடித்து அடக்கப் பார்க்காதீர்கள்.

யாராவது துன்புறுத்தியது தெரிந்தால் மூடி மறைக்கும் குடும்பப் பேச்சுவார்த்தையில் உட்காராதீர்கள். 2016 சட்டத்தின் 92-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை உண்டு, குற்றத்தைப் பொறுத்து மற்ற சட்டங்களில் இன்னும் அதிகம். துணியைத் துவைக்காமல் எடுத்து வைத்துவிட்டு, அரசு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் போங்கள்.

தடைக்காலமும் புயலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நிற்கும், அப்பாவும் அண்ணன்களும் நாள் முழுக்க வீட்டில், காசு குறையும், சில வீடுகளில் குடி கூடும். ஆட்டிசம் உள்ளவருக்கு இந்த மாற்றமே பெரிய அதிர்ச்சி. இரண்டு வாரம் முன்பே காலண்டரில் காட்டிப் பழக்குங்கள், அவருடைய நேரங்கள் மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் முகாமுக்குப் போக வேண்டி வரலாம். மாத்திரை ஒரு வாரத்துக்கு, மருந்துச்சீட்டு, அடையாள அட்டை நகல், அவருக்குப் பழகிய போர்வை, மாற்றுத் துணி, இதையெல்லாம் ஒரு பையில் புரட்டாசியிலேயே கட்டி வையுங்கள். முகாமில் ஓரமான, சத்தம் குறைந்த மூலையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். முகாம் நடக்கிற பள்ளிக்கு வெயில் நாளிலேயே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் பாதிக் கலவரம் இல்லை.

காகித வேலை

இது தெரிந்த உதவியாளரைக் குடும்பங்கள் விடவே மாட்டார்கள். முதலில் யூடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டை, மருத்துவச் சான்றோடு. அதை வைத்து மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய்க்கு மனு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரயிலில் துணையோடுதான் போக முடியும் என்பவருக்கு அவருக்கும் துணைக்கும் 75 சதவீதக் கட்டணச் சலுகை, முன்பதிவு வகுப்புகளில் பெரும்பாலானவற்றில் உண்டு. அரசு டவுன் பஸ்ஸில் அவருக்கும் உதவியாளருக்கும் இலவசம்.

"எனக்கு அப்புறம் யார் பார்ப்பா?" எல்லா அம்மாக்களும் ஒரு நாள் உங்களிடம் கேட்பார்கள். நான் இருக்கிறேன் என்று உணர்ச்சிவசப்பட்டு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. சட்டப்படி என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். பதினெட்டு வயது முடிந்தபின் பெற்றோரே கூடத் தானாகச் சட்டக் காப்பாளர், அதாவது அவருக்காகச் சட்டப்படி முடிவெடுக்கக்கூடியவர், ஆகிவிட மாட்டார்கள். 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட வேண்டும், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் இது பொருந்தும். எல்லாருக்கும் இது தேவை என்றும் இல்லை. தன் முடிவைத் துணையோடு எடுக்கக்கூடியவர்களுக்கு, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கலந்து முடிவெடுக்கும் வரையறுத்த காப்பாளர் என்ற வழியை 2016 சட்டத்தின் 14-வது பிரிவு தருகிறது. அப்பா அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் குடும்ப ஓய்வூதியத்தில் பிள்ளையின் பெயரை அவர் உயிரோடு இருக்கும்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் முதுகும் உங்கள் சம்பளமும்

சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான், கடல் வேலைக்கோ கொத்தனார் வேலைக்கோ கிடைக்கும் கூலியோடு வைத்துப் பார்த்தால் மனசு சோரும். படிப்பும் அனுபவமும் சேரச் சேர ஏறும். நியமனக் கடிதம் எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடமாக இருந்து உங்கள் சம்பளம் மாதம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும், இருபது பேர் இருந்தால் பிஎஃப். இராத்திரி தங்கினால் அதற்குத் தனியாகக் கேளுங்கள், வார விடுமுறையை விட்டுக்கொடுக்காதீர்கள். சேவை என்று சொல்லி உங்கள் விடுமுறையைச் சாப்பிடுகிற இடத்தில் அங்கே இருப்பவர்களுக்கும் நல்லது நடக்காது.

ஆளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, அவரை உங்கள் உடம்போடு ஒட்டி, அவர் எவ்வளவு எழுந்திருப்பாரோ அவ்வளவையும் எழவிட்டு, மீதியை மட்டும் நீங்கள். கனமானவரைத் தனியாளாகத் தூக்கவே வேண்டாம்.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் 1999-ல் உச்ச நீதிமன்றமே, சமூகத்தில் வாழக்கூடிய மாற்றுத்திறனாளிகளைக் காரணமில்லாமல் நிறுவனங்களில் அடைத்து வைப்பது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. இந்த வேலை அங்கே ஒரு பெரிய தொழில். இங்கே செய்த வேலைக்கு அனுபவச் சான்றிதழ் எழுத்தில் இருந்தால் எங்கே போனாலும் உதவும், பணம் கேட்கிற ஏஜென்டு அரசிடம் பதிவு செய்தவரா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வேலையை விட்டுப் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே அவரிடம் சொல்லுங்கள், காலண்டரில் நாளைக் குறித்துக் காட்டுங்கள். புதிதாக வருகிறவரைச் சில வாரம் கூடவே கூட்டிக்கொண்டு அதே கடை, அதே பஸ், அதே கிணற்றடி என்று நடங்கள். முதல் மாதம் எழுதத் தொடங்கிய நோட்டை, மாத்திரை மாறிய தேதிகளும் புதிதாகக் கற்றுக்கொண்டதும் சேர்த்து எழுதி, ஒரு நகல் வீட்டிலும் ஒன்று புதியவரிடமும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.